நான்கெல்லையும் ஒரு தூம்பும்

கல்வெட்டைப் படியெடுத்து, வாசித்து, அதிலிருந்து ஓர் ஊரின் கதையை எழுதுவது என் தொழில். சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிற்றூர்களில் இந்த வேலையைச் செய்கிற எவரையும் ஊரார் முதலில் கேட்பது ஒன்றே: இது எந்த ராஜா காலத்துக் கல்? அதற்குப் பதில் சொல்லிவிட்டால் ஊரின் வரலாறு முடிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். தலவரலாற்று நூல்களும் அந்த வழியில்தான் போகின்றன. பல்லவர், வாணர், சோழர், விஜயநகரத்தார் என்று அரசர் வரிசை நீளும். ஊர் அதற்குள் காணாமல் போகும். இத்தனை காலம் கற்களோடு பழகியதில் நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. ஒரு சிற்றூரின் வரலாறு அதன் நிலக்கிடப்பில் இருக்கிறது. மழைநீர் எந்தக் குன்றிலிருந்து இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எந்தத் தூம்பு வழியாக எந்த வயலுக்குப் போகிறது, ஊரின் எல்லை எந்த ஓடையோடு நிற்கிறது என்பதில்தான் அந்த ஊர் எப்படிப் பிறந்தது, எப்படிப் பிழைத்தது என்ற விடை கிடைக்கும். கல்வெட்டுகளின் பெரும்பகுதியும் இதைத்தான் பேசுகிறது. நாம்தான் அந்த வரிகளைத் தாண்டிப் படிக்கிறோம்.

தொழிலின் கருவிகளே இதைக் கற்றுக்கொடுக்கும். முதலில் கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் படிந்த விளக்கெண்ணெய்ப் பிசுக்கும், திருவிழாதோறும் பூசிய சுண்ணாம்பும் போனால்தான் எழுத்தின் வாய் திறக்கும். பிறகு நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, காற்றுக் குமிழ் நிற்காமல் தூரிகையால் தட்டித் தட்டி, வெட்டின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். தாள் அரை ஈரமாக இருக்கும்போது கரிமை தோய்ந்த துணிப்பொதியால் மேலே ஒற்ற வேண்டும். மேடான இடமெல்லாம் கறுத்து, உளி இறங்கிய எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். அந்தத் தாளுக்கு அரசனின் பெயரும் ஒன்றுதான், வாய்க்காலின் பெயரும் ஒன்றுதான். காய்ந்த படியைத் தரையில் விரித்துப் பார்த்தால் அளவு தெளிவாகத் தெரியும். அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி நீண்ட சில கற்களை விட்டுவிட்டால், மங்கலச்சொல்லும் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் தலைப்பில் ஓரிரு வரியோடு நின்றுவிடுகின்றன. கடைசியில், தர்மத்துக்கு இடையூறு செய்பவனுக்கு ஒரு சாபம். இடையில் நிரம்பிக் கிடப்பது நிலம், நீர், எல்லை, அளவு, விளைச்சல். எழுதியவர்கள் எதற்கு இடம் கொடுத்தார்களோ அதற்கே நாமும் இடம் கொடுப்பதுதான் நேர்மையான வாசிப்பு.

எடுத்துக்காட்டாகக் குடிமல்லத்தை எடுத்துக்கொள்கிறேன். ரேணிகுண்டாவுக்குக் கிழக்கே, பாப்பாநாயுடுபேட்டையை அடுத்து, பொன்முகலி என்று தமிழிலும் சுவர்ணமுகி என்று தெலுங்கிலும் சொல்லும் ஆற்றின் பக்கத்தில் உள்ள சிற்றூர் இது. இன்று திருப்பதி மாவட்டம், ஏர்ப்பேடு மண்டலம். பரசுராமேசுவரர் கோயில் லிங்கத்தால் உலகமெங்கும் பெயர் பெற்றது. ஏறத்தாழ 5 அடி உயரம். குந்தியிருக்கும் குள்ள உருவத்தின் தோள்மேல் சிவன் நிற்கிறார். ஒரு கையில் ஆட்டுக்கிடா, மறுகையில் கமண்டலம், தோளில் மழு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் து. அ. கோபிநாத ராவ் இதை அறிஞர் உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1973 இல் இந்தியத் தொல்லியல் துறைக்காக இ. கா. சர்மா இங்கே அகழாய்வு செய்தார். 42 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரிய செங்கற்களும், பின்புறம் வளைந்த ஒரு செங்கற் கட்டுமானத்தின் தடமும், கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் கிடைத்தன. லிங்கத்தின் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் வைப்போரும் உண்டு, பின்னால் தள்ளுவோரும் உண்டு. நான் இங்கே அந்த வழக்கில் நுழையவில்லை. லிங்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், அதை நடுவில் வைத்து ஈராயிரம் ஆண்டு பிழைத்துவந்த ஊரைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினோம் என்று மட்டும் கேட்கிறேன்.

அந்த ஊரைப் பற்றிய சான்று கோயில் சுவரிலேயே இருக்கிறது. கல்வெட்டுகளில் இதன் பெயர் திருவிப்பிரம்பேடு. 9 ஆம் நூற்றாண்டு முதல் ஊர்ச்சபையும் நிலக்கொடையும் பேசப்படுகின்றன. இங்குள்ள வாணர் கல்வெட்டுகள் ஐந்தை வி. வெங்கையா ‘எபிகிராபியா இந்திகா’வின் 11 ஆம் தொகுதியில் பதிப்பித்தார். பல்லவ மன்னரின் ஆட்சியாண்டைத் தலைப்பில் குறித்து, மாவலி வாணராயர் ‘வடுகவழி மேற்கு’ ஆண்டதாக அவற்றுள் சில சொல்கின்றன. சக ஆண்டு 820, அதாவது கி.பி. 897-98 என்று காலம் குறித்த கல்லும் இங்கே உண்டு. பின்னர் விக்கிரம சோழனின் 9 ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1126 ஐ ஒட்டி, கோயில் கல்லால் புதுப்பிக்கப்பட்டது. பல்லவர் போனார்கள், வாணர் போனார்கள், சோழர் வந்தார்கள். சபையும் ஏரியும் விளக்கெரிக்கும் கடமையும் தொடர்ந்தன. ஊரைப் பொறுத்தவரை அரசர் பெயர் நாட்காட்டியின் வேலையைத்தான் செய்தது. இந்தத் தேதிக்கு இந்த நிலம் கைமாறியது என்று உறுதி சொல்ல அது தேவைப்பட்டது.

‘வடுகவழி மேற்கு’ என்ற தொடரில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். வடுகர் நாட்டுக்குப் போகும் பெருவழி வடுகவழி. வடமொழிச் செப்பேட்டில் அது ஆந்திரபதம் ஆகிறது. ஓர் அரச குலம் தன் நாட்டை ஒரு சாலைக்கு மேற்கே உள்ள நிலம் என்று சொல்லி அடையாளம் காட்டுகிறது. வாணர்களே தங்களை நிலக்கிடப்பால்தான் விளக்கிக்கொண்டார்கள். சேஷாசலத் தொடருக்கும் நகரி மலைகளுக்கும் இடையே ஆறுகள் திறந்துவிட்ட தாழ்நிலத்தில்தான் வடக்கும் தெற்கும் போய்வந்தன. இன்று ரேணிகுண்டா பெரிய ரயில் சந்திப்பாக இருப்பதும் அதே இடைவெளியில்தான். அரசு, படை, வணிகம், யாத்திரை எல்லாம் நிலம் அனுமதித்த வழியில் போயின; அந்த வழியோரத்து ஊர்கள் அதனால் வளர்ந்தன, அதனாலேயே அடிபட்டன.

எல்லை வரிகளுக்கு வருகிறேன். கீழ்பாற்கெல்லை இன்னதற்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னதற்கு வடக்கு என்று நான்கு திசையும் சொல்லி நிலத்தை வளைப்பது அக்கால முறை. படிப்பவருக்கு அலுப்பாக இருக்கும். ஆனால் அந்த ‘இன்னது’ என்ற இடத்தில்தான் ஏரிக்கரையும், பாறையும், புற்றும், மரமும், வண்டிப்பாதையும், அடுத்த ஊரின் பெயரும் வந்து உட்கார்கின்றன. உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த நிலமெல்லாம் என்று ஒரு வாசகம் தானசாசனங்களில் திரும்பத் திரும்ப வரும். அழகுக்காக எழுதியதுபோல் தோன்றும். உடும்பு ஓடுவது வறண்ட மேட்டில், ஆமை தவழ்வது ஈரத்தில். மேட்டு நிலமும் நீர்நிலமும் இரண்டுமே கொடையில் அடங்கும் என்பதை இரண்டு உயிர்களை வைத்துச் சொல்லிவிட்டார்கள். சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் எதையும் இந்த இரண்டு உயிர்களை வைத்தே இன்றும் விளக்கலாம். குன்றடி மேட்டில் வேர்க்கடலையும் ஆட்டுக்கிடையும், ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும். இரண்டுக்கும் நடுவில், வெள்ளம் ஏறாத மேட்டோரத்தில் குடியிருப்பு.

இதற்கு மிகச் சிறந்த சான்று திருவாலங்காட்டுச் செப்பேடு. 1905 இல் கண்டெடுக்கப்பட்ட 31 ஏடுகள் கொண்ட இந்தத் தொகுதி, முதலாம் இராசேந்திரன் தன் 6 ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. சோழர் குலமுறையை வரையறுக்க வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் தேடிப் போகிறார்கள். அதற்கு அவர்களுக்கு வேண்டியது வடமொழிப் பகுதி. தமிழ்ப் பகுதி அதைவிட நீளமானது, அதன் உயிர் எல்லை நடையில் இருக்கிறது. அதிகாரிகளும் அண்டை ஊர்க்காரர்களும் கூடி, பெண்யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு ஊரை வளைப்பது சோழர் கால வழக்கம். யானை நடந்த தடத்தைப் பின்பற்றிப் படித்தால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கிராமப் படம் கண்முன் விரிகிறது. எந்த ஏரியின் நீர்க்கோவை எந்த ஊருக்கு, எந்தக் கால் எந்த நிலத்தைத் தாண்டிப் போகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. அரசன் புகழை மட்டும் எடுத்துக்கொண்டு இதை ஒதுக்குவது, பத்திரத்தில் முத்திரையைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்க்காமல் வருவதற்குச் சமம்.

திருமலையிலும் இதே நிலைதான். பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி செய்து வைத்தது எல்லோருக்கும் தெரியும், அது கி.பி. 966 என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். அந்தத் திருமேனியின் வழிபாட்டுக்காகத் திருச்சுகனூர்ச் சபையாரிடம் நிலம் வாங்கி விட்டாள் என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. திருச்சுகனூர் இன்றைய திருச்சானூர். மலைமேல் எரிந்த விளக்குக்கு எண்ணெய் அடிவாரத்து வயலிலிருந்து போனது. தேவஸ்தானத்துக்காக சாது சுப்பிரமணிய சாஸ்திரி உள்ளிட்டோர் படியெடுத்து 1930களில் வெளியிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இந்த உறவை நூற்றாண்டு நூற்றாண்டாகக் காட்டுகின்றன. விஜயநகர காலத்தில் பக்தர்கள் பொற்காசு செலுத்தினார்கள். கோயில் அந்தப் பணத்தைத் தனக்குரிய ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் போட்டது. கூடிய விளைச்சலிலிருந்து தளிகைக்குப் பங்கு வந்தது. பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960 இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சுழற்சியை இதே கல்வெட்டுகளைக் கொண்டு விளக்கினார். திருப்பதியைச் சுற்றிய சிற்றூர்களின் வயல்கள் பல இப்படித்தான் பிறந்தன. பக்தி, முதலீடு, நீர் மூன்றும் ஒரே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு நியாயமானது. கல்வெட்டு எழுதியவர்கள் நிலமுடையோரும் சபையாரும் கோயிலாரும்தானே, உழுதவர்களும் ஏரிக்கரையைக் கட்டியவர்களும் அதில் எங்கே என்று கேட்பார்கள். கொடை வரிகளில் அவர்கள் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லை வரிகளிலும் வரி நீக்க வரிகளிலும் எழுதியவரின் விருப்பத்தையும் மீறி அவர்கள் வந்துவிடுகிறார்கள். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஊர்களின் வரியில்லா நிலத்தைக் கழிக்கும் இடத்தில் ஊர்நத்தம், குளம், வாய்க்காலோடு பறைச்சேரியும் கம்மாணசேரியும் சுடுகாடும் கணக்கிடப்படுகின்றன. புகழ் பாடியவர் கண்ணில் படாதவர்கள் நிலம் அளந்தவர் கண்ணில் பட்டார்கள். இது போதாது என்பதும் உண்மை. அதனால்தான் கல்லைப் படிப்பவர் ஊரின் பேச்சையும் படிக்க வேண்டும் என்கிறேன். சித்தூர்ப் பக்கத்தில் ஏரி மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சியவரை நீருகண்டி என்பார்கள். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். எந்த மடையின் கீழ் எத்தனை நிலம், எந்த மாதம் யாருக்கு முறை என்ற முழுக் கணக்கும் அவர்கள் நினைவில் இருந்தது. கல்லில் பெயர் ஏறாத வரலாற்றாசிரியர்கள் அவர்கள். நிலக்கிடப்பிலிருந்து தொடங்கும் வரலாறு மட்டுமே அவர்களைக் கண்டுபிடிக்கும். அரசனிலிருந்து தொடங்கினால் அவர்களிடம் வந்து சேர வழியே கிடையாது.

இரண்டாவது மறுப்பு உணர்ச்சியோடு வரும். இந்த ஊர்கள் தமிழருடையவையா, தெலுங்கருடையவையா என்பதுதானே முதன்மையான கேள்வி என்பார்கள். கல் தமிழில் இருக்கிறது, ஊர் தெலுங்கு பேசுகிறது. இரண்டும் உண்மை, ஒன்றை வைத்து மற்றதை மறுக்க வேண்டியதில்லை. வடவேங்கடம் தமிழகத்தின் வடவெல்லை என்பது பழைய வழக்கு. அதற்கு வடமேற்கே கடப்பைப் பக்கத்தில், கலமள்ளாவிலும் எர்ரகுடிபாடிலும், 6 ஆம் நூற்றாண்டிலேயே ரேநாட்டுச் சோழர் தெலுங்கில் கல்வெட்டு வெட்டினார்கள். இரண்டு மொழியும் இங்கே பழையவை. நிர்வாக எல்லையோ அடிக்கடி நகர்ந்தது. வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வட்டங்களைப் பிரித்து 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த பரிந்துரையின்படி 1959 இல் சட்டம் இயற்றி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதியை ஆந்திரம் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்தது; செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடுப் பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்கு வந்தன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. திருவாலங்காடு இந்தச் சுழலில் வடஆர்க்காடு, சித்தூர், தமிழ்நாடு என மூன்று முகவரி கண்டது. அதன் ஏரியில் எந்தக் கோடும் விழவில்லை. ஆரணியாறு ஆந்திரத்து மலையடியில் பிறந்து, பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டை வந்து, தமிழ்நாட்டில் கடலைத் தேடுகிறது. நீரைச் சுற்றி வழங்கும் சொற்களைப் பாருங்கள்: தமிழில் தூம்பு, கால்வாய், கலிஞ்சு; தெலுங்கில் தூமு, காலுவ, கலுஜு. ஏரிக்கரையில் நின்று பேசியவர்களுக்கு ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்திருக்காது. மொழிப்பற்றை நான் குறைவாக நினைக்கவில்லை. இந்தக் கற்களின் தமிழைக் காப்பது நம் கடமை. ஆனால் அந்தத் தமிழ் எதைப் பாதுகாக்க எழுதப்பட்டதோ அந்த ஏரியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் கொண்டாடினால் கடமை பாதியில் நிற்கும்.

மூன்றாவது மறுப்பு நிகழ்காலத்திலிருந்து வருகிறது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஏரியை யார் பார்க்கிறார்கள்? சத்தியவேட்டுப் பக்கம் ஸ்ரீசிட்டி போன்ற தொழில் நகரமே எழுந்துவிட்டது, திருப்பதி நாலாபக்கமும் வளர்கிறது. பழைய நான்கெல்லையால் இனி என்ன பயன்? 2021 நவம்பர் இதற்குப் பதில் சொன்னது. வடகிழக்குப் பருவமழை கொட்டி, சுவர்ணமுகியில் வெள்ளம் கரைபுரண்டபோது, திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரம் மண்டலத்து ராயலசெருவின் கரையில் கசிவு கண்டது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று மக்கள் சொல்லும் அந்தப் பெரிய ஏரியின் கீழிருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். மணல் மூட்டை அடுக்கிக் கரையைக் காத்தார்கள். ஆழ்துளைக் கிணற்றை நம்பி ஏரியை மறந்தாலும், மழை ஏரியின் வழியை மறக்கவில்லை. எந்த ஏரி நிரம்பினால் கலிஞ்சு வழிந்து எந்த ஏரிக்குப் போகும், அந்த வழியில் இன்று எந்த மனைப்பிரிவு நிற்கிறது என்பது பேரிடர்க் காலத்து உயிர்த்தகவல். கர்ணம், முன்சீபு என்ற பரம்பரைக் கிராமப் பதவிகளை 1984 இல் ஆந்திர அரசு நீக்கியது. பிறப்பால் வந்த அதிகாரம் போனது சரியே. ஆனால் வயற்பெயர், மடைப்பெயர், எல்லைக்கல் பற்றிய அறிவு அந்தக் குடும்பங்களோடு தங்கிவிட்டது. அதை வாங்கி வைக்க மாற்று ஏற்பாடு போதிய அளவில் வரவில்லை. நில ஆவணத்தில் இன்று சர்வே எண் இருக்கிறது. அந்த நிலத்துக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பது இல்லை.

அதனால் இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். கோயில் சுவரைப் படியெடுத்து முடித்ததும் தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கல் சொல்லும் நான்கெல்லையையும் நடந்து பாருங்கள். தூம்பின் கல்லிலும் எழுத்து இருக்கலாம். இல்லாவிட்டாலும் தூம்பு இருக்கும் இடமே ஒரு சான்று. ஆடு மேய்ப்பவரும் களை பறிப்பவரும் சொல்லும் வயற்பெயரை, அவர்கள் பேசும் மொழியில், அவர்கள் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அரசர் பெயரைப் பின்னால் வருகிற யாரும் கண்டுபிடிப்பார்கள்; வெட்டிய கல் அங்கேயே இருக்கும். வயற்பெயரைச் சொல்லும் வாய் நமக்காகக் காத்திருக்காது.

குடிமல்லத்துக்கே திரும்புகிறேன். அங்கே கருவறை முன்மண்டபத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. இறங்கித்தான் பார்க்க வேண்டும். பெருவெள்ளக் காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே ஊறி லிங்கத்தைத் தொடும் என்று ஊரார் சொல்வார்கள். திருவிப்பிரம்பேடு என்ற பழைய பெயரை அந்தணர் இருக்கை என்று விளக்குவார்கள். சபையாரின் மதிப்பைச் சொன்ன பெயர் அது. சபை போனது, பெயரும் போனது. இன்றைய பெயர் தெலுங்கின் குடிபள்ளம் என்பதிலிருந்து திரிந்தது என்பது ஒரு விளக்கம்: குடி என்றால் கோயில், பள்ளம் என்றால் இரண்டு மொழியிலும் பள்ளம்தான். பக்கத்து வட்டாரத்தில் மல்லம் என்றே ஓர் ஊர் இருப்பதால் இந்த விளக்கத்தை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த விளக்கம் ஊராருக்குப் பொருத்தமாகப் பட்டதற்குக் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்பதை அந்த ஊர் தன் பெயரிலேயே தேடிக் காண்கிறது. ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் முதல் வரியை அங்கிருந்தே தொடங்கலாம்.